மருமகள் படித்த மருந்தியல்

இந்தச் சஞ்சிகைக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஓ.எல். பரீட்சையோடு புத்தகத்தை மூடி வைத்தவன் நான். 2010இல் லண்டனுக்கு வந்து, இரண்டு வருஷம் வழக்கோடு அலைந்து, அகதி விசா கையில் கிடைத்த 2012 தொடக்கம் பார்க் றோயல் பக்கத்தில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இப்படிப்பட்டவன் யூனிவேர்சிற்றிப் படிப்பைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மிச்சத்தையும் வாசியுங்கள். மருந்தியல் என்ற ஒரு படிப்பு எங்கள் வீட்டில் உண்டாக்கின குழப்பத்தையும், அம்மா உயிர் தப்பின கதையையும்தான் எழுதப்போகிறேன்.

படித்தவள் என் அக்காவின் மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் டொக்டராக வருவாள் என்று அவள் நடக்கப் பழகிய காலத்திலேயே அத்தான் தீர்மானித்துவிட்டார். ரியூஷன், யூகற் பரீட்சைக்குத் தனி வகுப்பு என்று அவர் செலவழித்த காசில் ஊரில் ஒரு காணி வாங்கியிருக்கலாம்.

இங்கே யூனிவேர்சிற்றிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை ஐந்து தெரிவுகள் போடலாம். அதில் மருத்துவத்துக்கு நான்கு மட்டும்தான் போட விடுவார்கள். ஐந்தாவதை வேறு ஏதாவது படிப்புக்குப் போடலாம். எங்கள் ஆட்கள் அந்த ஐந்தாவதைப் பற்றி யோசிப்பதே இல்லை. மருமகள் அதில் மருந்தியல் என்று போட்டிருந்தாள். 2021இல் நான்கு இடமும் இல்லை என்று சொல்லிவிட, ஐந்தாவது மட்டும் வா என்றது.

வீடு செத்த வீடு மாதிரி இருந்தது. ஒரு வருஷம் வீட்டில் இருந்து திரும்ப மருத்துவத்துக்குப் போடு என்று அத்தான் நின்றார். பிள்ளை மாட்டேன் என்றாள். அக்கா இரண்டு பக்கமும் பேசாமல் சமைத்துக்கொண்டு நின்றா. நான்தான் நடுவில் புகுந்து, "அத்தான், பிள்ளை விரும்பினதைப் படிக்கட்டும், விடுங்கோ" என்றேன். பெருந்தன்மையாகப் பேசினேன் என்று நினைக்காதீர்கள். பாமக்கோலொஜி என்றால் பாமசிதான், எழுத்துக் கொஞ்சம் கூட இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோயிலிலும் வேலையிலும், "மருமகள் பாமசிஸ்றா வரப்போறாள், ஹரோவில ஒரு கடை போட்டால் போதும்" என்று சொல்லித் திரிந்தேன்.

உண்மை அந்த நத்தார் லீவில்தான் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் கடைக்கு என்ன பெயர் வைப்பது என்று நான் பகிடியாகத் தொடங்க, பிள்ளை கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, பாமசி வேறை, பாமக்கோலொஜி வேறை. இதைப் படிச்சுப்போட்டு மருந்துக் கடையில நிண்டு மருந்து குடுக்கேலாது."

"அப்ப என்னத்துக்கு இதைப் படிக்கிறாய்?" என்று அத்தான் கேட்டார். கேட்டது அவளை, பார்த்தது என்னை.

இது எங்கள் சனத்தில் பலருக்கும் உள்ள மயக்கம் என்பதால் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மருந்தாளராக வேண்டுமென்றால் இங்கே எம்.பாம் என்ற நான்கு வருஷப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருஷப் பயிற்சி, ஒரு பரீட்சை, பிறகு பதிவு. மருந்தியல் அப்படியல்ல. இங்கிலாந்தில் அது மூன்று வருஷ பி.எஸ்.சி. நடுவில் ஒரு வருஷம் மருந்துக் கம்பனியிலோ ஆய்வுகூடத்திலோ வேலை பழகி நான்கு வருஷத்தில் முடிக்கிற வசதியும் சில இடங்களில் உண்டு. மருந்து உடம்புக்கு என்ன செய்கிறது, உடம்பு அந்த மருந்துக்கு என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விதான் படிப்பு முழுவதும். விழுங்கின குளிசை எங்கே கரைகிறது, ஈரல் அதை எப்படி உடைக்கிறது, சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது, எந்த அளவில் மருந்து, எந்த அளவில் நஞ்சு என்பதெல்லாம் அதற்குள் வரும். முதல் வருஷம் உடற்றொழிலியல், உயிர் இரசாயனம், புள்ளிவிபரக் கணக்கு. அந்தக் கணக்குக்காக அவள் அழுததை நான் கண்டேன். மருந்து என்று போனால் இவ்வளவு கணக்கா என்று எனக்கே அதிசயம்.

வேலை? புது மருந்துகளை மனிதரில் பரிசோதிக்கிற இடங்கள், மருந்துக் கம்பனிகள், ஆய்வுகூடங்கள், மேற்படிப்பு. கதவுகள் உண்டு. ஆனால் கதவில் பெயர்ப் பலகை இல்லை. டொக்டர், பாமசிஸ்ற் என்று கல்யாணவீட்டில் ஒரு சொல்லில் சொல்ல முடியாது. அத்தானுக்கு அதுதான் பெரிய குறை. அந்த இரவு அவர் என்னோடு பேசவில்லை. கடனை வேறு நினைத்திருப்பார். படிப்புக் கட்டணம் மட்டும் அப்போது வருஷத்துக்கு 9,250 பவுண்.

பிள்ளைக்கோ படிப்புப் பிடித்துவிட்டது. ஒருநாள் வகுப்பில் எல்லோருக்கும் கோப்பி கொடுத்தார்களாம். எந்தக் கோப்பியில் கஃபீன் இருக்கிறது, எதில் இல்லை என்று குடிக்கிறவருக்கும் தெரியாது, பிரஷர் அளக்கிறவருக்கும் தெரியாது. தனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது என்று இவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிறகு பார்த்தால் இவள் குடித்தது கஃபீன் இல்லாத கோப்பி. இதை எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "மனம் செய்யிற வேலையைக் கழிச்சுப் பாத்தால்தான் மருந்து செய்யிற வேலை தெரியும் மாமா." நான் தலையாட்டினேன். அம்மாவும் சிரித்தா.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவ 2011இல் இருந்து அக்காவோடு. நாடி ஒழுங்கில்லாமல் அடிக்கிற இதய வருத்தம். காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆறேழு குளிசை. அதில் எல்லாவற்றிலும் சிறியது, நீல நிறம், டிஜொக்சின் என்று பெயர்.

2023 மாசி மாதம், இரண்டாம் வருஷம், இதயத்துக்கான மருந்துகளைப் பற்றிய விரிவுரை முடிந்து ஒரு சனிக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அம்மா மேசையில் குளிசைகளைப் பரப்பிக்கொண்டிருந்தா.

"அம்மம்மா, இந்த நீலக் குளிசை ஒரு பூச்செடியிலயிருந்து வாறது தெரியுமோ? உங்கடை ஊர் மஞ்சள் அலரி இருக்கெல்லோ, அதின்ரை விதையிலயும் இதே மாதிரிச் சாமான்தான். இரண்டும் நெஞ்சில ஒரே இடத்திலதான் போய்ப் பிடிக்குது. எங்கடை லெக்சரில இலங்கையின்ரை பேர் வந்தது!"

தன் படிப்புக்குள் அம்மம்மாவின் ஊர் வந்துவிட்டது என்ற சந்தோஷம் அவளுக்கு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை மூடிக்கொண்டு அறைக்குள் போனா. வயசு போன ஆள், களைப்பாக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

மூன்று கிழமை கழித்து ஒரு விடியற்காலை அக்காவின் போன். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, அம்புலன்ஸ் வந்துவிட்டது. நைற் ஷிப்ற் முடித்த உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நாடி நிமிஷத்துக்கு நூற்றைம்பதைத் தொட்டது. காலெல்லாம் வீக்கம். மருந்து ஒழுங்காக எடுக்கிறாவா என்று டொக்டர் கேட்க, நாங்கள் எல்லோரும் ஓம் என்றோம். அம்மாவும் ஓம் என்றா. இரத்தத்தைச் சோதித்துவிட்டு அந்தப் பெண் டொக்டர் திரும்பி வந்து, டிஜொக்சின் இரத்தத்தில் இல்லையென்றே சொல்லலாம் என்றா.

அக்கா வீட்டுக்குப் போய்த் தேடினா. சாமி அறையில் பழைய திருநீற்று டப்பாவுக்குள் பத்தொன்பது நீலக் குளிசை கிடந்தது. மற்றவற்றை எல்லாம் அம்மா ஒழுங்காக விழுங்கியிருக்கிறா. அதை மட்டும் எடுத்து ஒளித்திருக்கிறா.

அன்று இரவு கட்டிலருகே நான் தனியே இருந்தபோது அம்மா சொன்னா. எனக்கு ஒரு சின்னம்மா இருந்தவ என்று தெரியும். நான் பிறக்க முதலே 1984இல் காய்ச்சலில் செத்தவ என்றுதான் சொல்லி வளர்த்தவை.

"காய்ச்சல் இல்லை மோனை. அவளுக்கு அப்ப இருபத்தொரு வயசு. வீட்டில ஒரு சின்னச் சண்டை. எங்கடை வேலியில நிண்ட அலரி. நான்தான் கண்டனான். கார் பிடிக்கப் பிந்திப் போச்சு. பெரியாஸ்பத்திரியில அவளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். நாடி ஒருக்கா அடிக்கும், பிறகு நிக்கும். பிறகு அடிக்கும். விடிய முன்னம் நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு நான் சாமிக்கும் அலரிப் பூ வைக்கிறேல்லை. அந்தச் சாமானை எனக்கு ஒவ்வொரு நாளும் வாயில போடத் தந்திருக்கிறியள்."

ஊரில் அந்தக் காலத்து ஆட்களுக்கு இது புதுக்கதை அல்ல. எண்பதுகளில் இருந்து யாழ்ப்பாணத்திலும் பிறகு தீவு முழுவதும் அந்த விதை கொண்டுபோன இளம் பிள்ளைகள் கொஞ்சநஞ்சமல்ல. பலரும் ஒரு கணத்துக் கோபத்தில் செய்தவர்கள். அடுத்த நாள் இருந்திருந்தால் தாங்களே சிரித்திருப்பார்கள். வீடுகளில் அதைக் காய்ச்சல் என்றும் பாம்பு கடித்தது என்றும் சொல்லி மூடிவிட்டோம். மூடினது நாற்பது வருஷம் கழித்து ஒரு திருநீற்று டப்பாவுக்குள் இருந்து வந்தது.

விஷயம் தெரிந்ததும் அத்தான் பிள்ளையைப் பிடித்துப் பேசிவிட்டார். "டொக்டருக்குப் படிக்க மாட்டனெண்டு இதைப் படிச்சு, வீட்டில கிடந்த கிழவியைக் கொல்லப் பாத்தாய்." அவள் அறையைப் பூட்டிக்கொண்டாள். படிப்பை விடப்போவதாக எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள்.

அடுத்த நாள் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு சும்மா ஓடினேன். எனக்கு மருந்து தெரியாது, ஆனால் நிறை தெரியும். எங்கள் தொழிற்சாலையில் நான் நிறுவை அறையில் நிற்கிறவன். ஒவ்வொரு தொட்டிக் கறிக்கும் உப்பு எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, சிற்றிக் அசிற் எவ்வளவு என்று தாளைப் பார்த்து நிறுத்து அனுப்ப வேண்டும். 2015இல் ஒருநாள் 1.50 என்று இருந்ததை 15 என்று வாசித்து உப்பை அனுப்பிவிட்டேன். நானூறு கிலோ கறி குப்பைக்குப் போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு தாளில் இரண்டாவது ஆளும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இதைச் சொல்லி, "உப்பு நஞ்சில்லை, நான் போட்ட அளவுதான் பிழை. நீ சொன்னதும் பிழையில்லை. அளவைச் சொல்லாமல் விட்டிட்டாய். அம்மம்மாட்டை அளவைச் சொல்லு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மாமா, பாமக்கோலொஜி முழுக்க அதுதான்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் புத்தகம் ஒன்றும் கொண்டுபோகவில்லை. அம்மம்மாவின் கட்டிலில் ஏறி இருந்து கதையாகத்தான் சொன்னாள். இந்த நாட்டில் பொக்ஸ்குளோவ் என்று ஒரு பூச்செடி இருக்கிறது, மணி மணியாய் ஊதாப் பூ. ஷ்ரொப்ஷயர் பக்கத்தில் ஒரு கிழவி, உடம்பில் நீர் கட்டி வீங்கினவர்களுக்கு இருபது வகைப் பச்சிலைகளைக் கலந்து கொடுத்துச் சுகப்படுத்தினாவாம். வில்லியம் விதரிங் என்ற வைத்தியர் அந்தக் கலவையைப் பார்த்து, வேலை செய்கிறது இந்த ஒரு செடிதான் என்று பிடித்தார். கூடக் கொடுத்தால் வாந்தி, கண் மங்கல், நாடி இறங்கி மரணம் என்பதையும் கண்டார். பத்து வருஷம் அளவைக் குறைத்தும் கூட்டியும் பார்த்து, சுகப்பட்டவர்களை மட்டுமல்லாமல் சுகப்படாதவர்களையும் மறைக்காமல் எழுதி 1785இல் புத்தகம் போட்டார். அந்தச் செடியின் இன்னொரு இனத்திலிருந்து 1930இல் பிரித்தெடுத்ததுதான் டிஜொக்சின்.

கிழவியின் கதை அம்மாவுக்குப் பிடித்தது. "பாத்தியே, கிழவிக்கு முதலே தெரிஞ்சிருக்கு" என்றா.

"உங்கடை குளிசையில இருக்கிறது 62.5 மைக்கிறோகிராம் அம்மம்மா. ஒரு மில்லிகிராமைப் பதினாறாப் பிரிச்சால் அதில ஒரு பங்கு. மிச்சம் எல்லாம் மாப்பொருள்." இதயக் கலத்தின் சுவரில் ஒரு பம்ப் இருக்கிறது, சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் என்று விளங்கப்படுத்தினாள். அதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கூ. 1957இல் நண்டுக்கால் நரம்பில் ஆராய்ந்து கண்டு, நாற்பது வருஷம் கழித்து 1997இல் நோபல் பரிசு வாங்கினார். (நண்டுக்கால் என்றதும் அம்மா நிமிர்ந்து பார்த்தா. நாங்கள் ரசம் வைக்கிற சாமானில் நோபல் பரிசு!) அந்தப் பம்பில் கொஞ்சத்தை மட்டும் நிறுத்தினால் இதயம் பலமாகவும் ஆறுதலாகவும் அடிக்கும். அளவு மீறினால் தாளம் குழம்பி நின்றுவிடும். அலரி விதையில் அளவு பார்க்க வழியே இல்லை. குளிசையில் உண்டு, அதனால்தான் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. பிறகு மெதுவாக, "அதுக்கு மாற்று மருந்து ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டா.

இந்த இடத்தில் பிள்ளை பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

"இருக்கு அம்மம்மா. செம்மறி ஆட்டின்ரை இரத்தத்திலயிருந்து எடுக்கிறது. அது போய் நஞ்சைப் பிடிச்சுக் கட்டிப்போடும். டிஜொக்சின் கூடின ஒராளுக்கு அமெரிக்காவில குடுத்ததை முதன்முதலா 1976இலதான் எழுதினவை. 1986இலதான் அங்கை அனுமதி கிடைச்சது. அலரிக்கு அது வேலை செய்யுது எண்டு இலங்கையில ஆஸ்பத்திரியளில பரிசோதிச்சு 2000ஆம் ஆண்டு லான்செற் எண்ட வைத்திய சஞ்சிகையில வந்தது. சின்னம்மம்மாவுக்கு நடந்தது 1984. பெரியாஸ்பத்திரியில அப்ப அந்த மருந்து இல்லை."

"கார் பிந்தினதாலயோ பிள்ளை?"

"அது எனக்குத் தெரியாது அம்மம்மா. ஆரும் சொல்லேலாது. ஆனா நேரத்துக்குப் போயிருந்தாலும் அந்த மருந்து அங்கை இருந்திருக்காது."

அம்மா அழுதா. அவ அழுது நான் கண்டது ஐயா செத்த அன்றைக்குப் பிறகு அதுதான். முப்பத்தொன்பது வருஷம் அந்தக் காரை மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறா என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றா. அத்தான் வெளியே போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து, முதல் கோப்பையைப் பிள்ளையிடம் கொடுத்தார்.

பிள்ளை படிப்பை விடவில்லை. கடைசி வருஷம் எழுத வேண்டிய நீண்ட கட்டுரைக்கு இந்த அலரி நஞ்சையும் அதன் மாற்று மருந்தையுமே எடுத்தாள். எழுதும்போது ஒரு விஷயம் கண்டு எனக்குப் போன் எடுத்தாள். 2000இல் நல்லது என்று காட்டின அதே மருந்து, விலை கட்டாமல் பிறகு இலங்கையில் கிடைக்காமல் போனது, அதனால் சாவுகள் கூடின என்று 2003இல் அதே லான்செற்றில் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். "மாமா, மருந்து கண்டுபிடிச்சால் முடிஞ்சுது எண்டு நினைச்சிருந்தன்" என்றாள். அவள் குரலில் அன்றைக்கு இருந்த கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

2024 ஆடியில் பட்டமளிப்பு. கறுப்புக் கவுணோடு அவள் மேடையில் நடந்தபோது அத்தான் எழும்பி நின்று வீடியோ எடுத்து, பின்னால் இருந்த வெள்ளைக்காரியிடம் பேச்சு வாங்கினார். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் மருந்துப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். நோயாளிகளிடம் சம்மதம் கேட்கிற தாள்கள் முதல் இரத்தக் குழாய்களில் லேபல் ஒட்டுவது வரை எல்லாம் செய்கிறாள். சம்பளம் பெரிதில்லை. நைற் ஷிப்ற்றில் நான் கூட எடுக்கிறேன் என்று அவளைப் பகிடி பண்ணுவேன். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்பவர்களுக்கு அத்தான், "மெடிசின் பக்கம்தான்" என்று இன்றும் பொதுவாகச் சொல்லித் தப்பிக்கிறார்.

அம்மாவின் நீலக் குளிசை தொடருகிறது. பேத்தி பழக்கிவிட்டபடி காலையில் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நாடியை எண்ணுகிறா. அறுபதுக்குக் கீழே போனால் குளிசை எடுக்காமல் ஜீ.பீ.க்குப் போன் பண்ண வேண்டும் என்று கலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள் பிள்ளை. மற்ற மருந்துகளின் பெயர் அம்மாவுக்கு இன்றும் வாயில் வராது. அந்த ஒன்றுக்கு மட்டும் தானே ஒரு பெயர் வைத்திருக்கிறா. போன ஞாயிற்றுக்கிழமையும் நான் போய் இருக்க, எண்ணி முடித்துவிட்டு, "எழுபத்திரண்டு. அந்த அலரியை எடுத்துத் தா மோனை" என்றா.